கோரம்

கோரத்துக்கு இன்னும் முப்பத்திரண்டு பேர் வேண்டும் என்று ஊராட்சிச் செயலர் தங்கப்பாண்டி குனிந்து காதருகில் சொல்லிவிட்டுப் போனார். நூறு பேர் வந்து கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் கிராம சபை செல்லும். அந்த முப்பத்திரண்டு பேர் வராமலே போய்விட்டால் நல்லது என்று தவமணி நினைத்தாள். நினைத்ததும், வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து பக்கத்தில் பார்த்தாள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைப் பார்வையிட வந்திருந்த பற்றாளர் கைபேசியில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். காந்தி படத்துக்குப் போட்ட மாலையில் ஈ மொய்த்தது. சாமியானாவின் கிழிசல் வழியே வெயில் மேசைமேல் ஒரு தட்டு அளவுக்கு விழுந்து, மெல்ல மெல்ல அவள் கையை நோக்கி நகர்ந்து வந்தது. கோரம். நாலே முக்கால் வருஷத்துக்கு முன்னால் இந்தச் சொல்லை முதல்தடவை கேட்டபோது ஏதோ விபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பேப்பரில் போடுவார்களே, கோர விபத்து என்று. அவள் கணவர் பூமிநாதன் சிரித்தார். ஆள் எண்ணிக்கைக்குத்தான் அந்தப் பேர், உனக்கு எதுக்கு அதெல்லாம், வந்து உக்காந்தாப் போதும் என்றார். வந்து உட்கார்ந்தாள். சிலம்பனேந்தல் ஊராட்சித் தலைவர் அவள்தான், ஆனால் எல்லாக் கிராம சபையிலும் மேசையின் ஓரத்து நாற்காலிதான் அவளுக்கு. நடுநாற்காலியில் பூமிநாதன் உட்கார்வார். வருகிற அதிகாரிகள் ஒரு நிமிஷம் நெளிவார்கள், பிறகு அவரிடமே பேசுவார்கள். இன்றைக்குத் தங்கப்பாண்டி நடுநாற்காலியைத் துடைத்துவிட்டு, இதுல உக்காருங்கக்கா என்றபோது, யாரோ சாப்பிட்டு எழுந்த இலையில் உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. உட்கார்ந்துவிட்டாள். நாற்காலியின் கைகள் அகலமாக இருந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பூமிநாதன் எதிரே முதல் வரிசையில் இருந்தார். அவரை வரவேண்டாம் என்றுதான் சொன்னாள். இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கேட்டதில், அவர் தம்பி ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, எல்லாம் பழையபடிதான். வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆவணி பிறந்து பத்தாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். பேச்சு திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஆனா காது நல்லாக் கேக்கும், நீங்க சொல்றது எல்லாம் புரியும். தவமணி தலையை ஆட்டினாள். அழுகை வந்தது. அழுகைக்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. அதைத்தான் இந்த ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் மூடி வைத்திருக்கிறாள். இனிமேல் கூப்பிட மாட்டார். அவ்வளவுதான் நினைத்தாள். இந்தா, என்று வாசலிலிருந்து வருகிற அந்தக் குரல், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓடவேண்டிய அந்தக் குரல், இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவமணி என்று கூப்பிடாத அந்தக் குரல், இனி வராது. நெஞ்சுக்குள் யாரோ ஒரு சன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. உடனே சீ என்று இழுத்துச் சாத்தினாள். சாத்தின பிறகும் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. அன்று ராத்திரியிலிருந்து அவருக்குக் கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அந்த நினைப்பு ஸ்பூனோடு சேர்ந்து அவர் வாய்க்குள் போகிற மாதிரி தோன்றி, கை தவறிச் சட்டையில் சிந்திவிடுகிறது. அவர் கண்ணைத் திறந்து பார்க்கிறார். எல்லாம் புரியும் என்று டாக்டரம்மா சொன்னாளே, இதுவும் புரிந்திருக்குமோ. இப்போதும் பார்க்கிறார். வெற்றிலைக் காவி படிந்த இடதுகை ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையில் தட்டுகிறது. சபையில் எழுந்து வாசி என்கிறதா, வாசிக்காதே என்கிறதா, தண்ணீர் கேட்கிறதா. எழுபத்தொன்பது என்று தங்கப்பாண்டி தூரத்திலிருந்து விரலைக் காட்டினார். இன்னும் இருபத்தொன்று.

தேர்தலில் இந்த ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்த அன்று வீட்டுக்கு முப்பது நாற்பது பேர் வந்தார்கள். எல்லாரும் பூமிநாதனுக்குத்தான் கை கொடுத்தார்கள். அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். யார் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க அதில் ஒன்றும் இல்லை. நோட்டீசில் அவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார், இடுப்பளவுக்கு. மூலையில் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தில் அவள். சின்னம் கத்தரிக்காய். அந்தக் கத்தரிக்காய்கூட அவள் முகத்தைவிடப் பெரிது. வீடு வீடாகப் போகும்போது பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலைவருக்குத்தான் போடுவோம் கவலைப்படாதீங்க என்று அவளிடமே சொன்னார்கள். ஜெயித்துப் பதவியேற்ற அன்று மட்டும் மைக்கைப் பிடித்து அவளே வாசிக்க வேண்டியிருந்தது. தவமணியாகிய நான். அந்தக் கூடத்தின் சுவரில் பட்டுத் திரும்பி வந்த குரல் யாருடையது என்று ஒரு நொடி புரியவில்லை. பத்தாவது வரை படித்தவள், தடங்கல் இல்லாமல் கடைசிவரை வாசித்துவிட்டாள். நல்லா வாசிச்சீங்கம்மா என்றார் தேர்தல் அதிகாரி. கார் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பூமிநாதன் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். மைக்குதான் இருக்குல்ல, ஏன் அம்புட்டுச் சத்தமா வாசிச்ச. அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. கூட்டத்தில் மட்டுமில்லை, வீட்டில், கடையில், கோயிலில், கூடப் பிறந்தவளோடு போனில் பேசும்போதுகூட. என்னடி, கெணத்துக்குள்ள இருந்து பேசுற என்பாள் அக்கா. இன்றைக்கு அந்தக் கிணற்றிலிருந்து எதை இறைப்பது. தொண்டையைச் செருமிப் பார்த்தாள். பற்றாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கைபேசிக்குள் போனார். முன்வரிசை விரல் நின்றது. பிறகு மறுபடி தட்டியது.

எண்பத்தெட்டு ஆனபோது கிழக்குத் தெருப் பெண்கள் வந்தார்கள். கூட்டமாக வந்தார்கள், பதினோரு பேர் இருக்கும். வழக்கமாகச் சாமியானாவுக்கு வெளியே வேம்படியில் நிற்பவர்கள், இன்று உள்ளே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நடுவில் பஞ்சவர்ணம். சித்தாள் வேலைக்குப் போகிறவள், முழங்கைவரை சிமெண்ட் வெளுப்பு எப்போதும் இருக்கும். இன்று குளித்துத் தலையை இறுக்கி முடிந்து வந்திருந்தாள். தவமணி அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவள் எந்த இடத்தில் இருக்கிறாள், எந்தப் பக்கம் தலை திரும்பியிருக்கிறது என்றெல்லாம் தெரிந்தது, இருட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி. பஞ்சவர்ணத்தின் மகள் கௌசிகா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆடிக் கடைசியில், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கண்மாய்க் கரைக்கு ஒதுங்கப் போனவளைப் பாம்பு கடித்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் வழியிலேயே போய்விட்டாள். கிழக்குத் தெருவில் பெண்களுக்கென்று கட்டின சுகாதார வளாகம் இருக்கிறது. எட்டுக் கதவு, தண்ணீர்த் தொட்டி, சுவரில் தாமரைப்பூ. ரெண்டரை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே குழாய் போடுகிற ஒப்பந்தக்காரரின் பைப்புகள் அடுக்கியிருக்கின்றன. அவர் பூமிநாதனுக்கு வேண்டியவர், கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்ள இடம் கேட்டார். அதற்காக ஊராட்சியில் ஒரு தீர்மானம் எழுதினார்கள். மேற்படி வளாகம் பயன்பாட்டில் இல்லை. கீழே தலைவர் கையொப்பம், தவமணி. அன்றைக்குப் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தீர்மானப் புத்தகத்தைப் பூமிநாதன் அடுப்பு மேடையிலேயே விரித்து, இந்தா, இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு என்றார். கரண்டியை இடதுகைக்கு மாற்றிக்கொண்டு போட்டாள். குழம்பு அடிப்பிடித்துவிடுமோ என்றுதான் அந்த நேரத்தில் கவலை. அடிப்பிடிக்கவில்லை. நன்றாகவே வந்திருந்தது அன்றைய குழம்பு. அவர் ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது ஏன் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லை. பூட்டினால் எப்படிப் பயன்படும். பூட்டுவதற்கு முன்னால் எழுதினார்களா, பூட்டிவிட்டு எழுதினார்களா. எது முதலில் என்று கண்டுபிடித்துவிட்டால் ஏதோ ஒன்று லேசாகிவிடும் என்கிற மாதிரி மனசு அதையே பிடித்துக்கொண்டு தொங்கியது.

படிக்காமல் போட்ட கையெழுத்து. அது அவர் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஒரு மாதத்தில் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். ஊரும் அதைத்தான் சொல்கிறது. பாவம் அந்தம்மாவுக்கு என்ன தெரியும், எல்லாம் அவரு வச்ச ஆட்டம், அதான் சாமி வாயைக் கட்டிருச்சு என்று பேசிக்கொள்கிறார்களாம். என்ன தெரியும் என்பதில் கொஞ்ச நேரம் போர்த்திப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் ஒரு முள் இருந்தது. பஞ்சவர்ணம் அவளைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தாள். கௌசிகா செத்த பிறகு இல்லை, அதற்கு முன்னால், ரெண்டு தடவை. முதல் தடவை போன வருஷம் ஐப்பசி மழையில். பின்வாசல் பக்கம் நின்றுகொண்டு, வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரைக்குப் போக முடியவில்லை, பூட்டைத் திறந்து தண்ணீர் விட்டால் போதும், கழுவுவதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள். சரி, அவருகிட்டச் சொல்றேன் என்றாள் தவமணி. சொல்லவும் செய்தாள். சாப்பிடும்போது சொன்னாள். பாப்போம் என்றார். ரெண்டாவது தடவை இந்த வைகாசியில் வந்தாள். அன்று கௌசிகாவும் கூட வந்திருந்தாள். ஒல்லியாக, துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, வாசல் கொடியில் காய்ந்த துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது மட்டும் வரோம் ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டி. அந்தத் தெருவிலிருந்து யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. சரி சரி, அவருகிட்டச் சொல்றேன். சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் அக்கா வந்தாள். அதற்கு மறுநாள் என்ன ஆயிற்று என்று நினைவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது. மறந்தும் போகவில்லை, அதுதான். நினைவு வரும், வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்ப்பாள், இப்போது வேண்டாம் என்று இருந்துவிடுவாள். அப்படியே வைகாசி போய், ஆனி போய், ஆடி போயிற்று. சொல்லியிருந்தால் மட்டும் திறந்திருப்பாரா. திறந்திருக்க மாட்டார். இல்லை, திறந்திருக்கலாம், அவர் எப்போது எதைச் செய்வார் என்று சொல்ல முடியாது, ஒருநாள் குஷியாக இருந்தால் திறந்திருப்பார். திறந்திருக்க மாட்டார் என்றால் அவள் தப்பித்தாள். திறந்திருப்பார் என்றால். இந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நினைப்பு காலை ஊன்ற இடம் கிடைக்காமல் திரும்பி, மறுபடி ஐப்பசி மழையிலிருந்து தொடங்கும். இது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. தெரிந்தவர்கள் ரெண்டு பேர்தான், அவளும் பஞ்சவர்ணமும். இல்லை, பஞ்சவர்ணத்துக்கும் தெரியாது, சொல்லியிருப்பாள் என்றுதானே அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

நூறு வந்திருச்சுக்கா என்றார் தங்கப்பாண்டி. நூற்றி மூன்று என்று திருத்தினார். மேசைமேல் அவள் வாசிக்க வேண்டிய தாளை வைத்து, மடிப்பைக் கையால் தேய்த்து நேராக்கினார். நேற்றே சொல்லியிருந்தார், வளாகத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், நீங்களாக எதுவும் பேசவேண்டாம், மூன்றாவது பத்தியில் எல்லாம் எழுதியிருக்கிறேன், அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள் என்று. குறிப்பிட்ட வளாகமானது பொதுமக்களின் ஒருமித்த சம்மதத்தின்பேரில் மூடப்பட்டது. நல்ல எழுத்து தங்கப்பாண்டிக்கு, ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக. எழுந்து நின்றாள். நிற்கும்போது முழங்கால் மேசையில் இடித்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். முதல் பத்தியை வாசித்தாள், வரவேற்பு. ரெண்டாவது, குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்த தேதிகள். குரல் கிணற்றிலிருந்துதான் வந்தது, பின்னாலிருந்து யாரோ கேக்கலை என்றார்கள். மூன்றாவது பத்தியில் குறிப்பிட்ட என்று தொடங்கினாள். வளாகமானது. பொதுமக்களின். அடுத்த சொல் தாளில் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. வாய் அதை எடுக்கவில்லை. மறுபடி பொதுமக்களின் என்றாள். தங்கப்பாண்டி பக்கத்திலிருந்து மெல்ல, ஒருமித்த, என்று எடுத்துக் கொடுத்தார். முதல் வரிசையில் விரல் வேகவேகமாகத் தட்டியது. பூமிநாதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, தண்ணீர் வற்றின மோட்டார் ஓடுகிற மாதிரி. இந்தா என்றுதான் சொல்ல வருகிறார். அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் உடம்பு அந்தப் பக்கம் ஓடத் தயாராகச் சாய்ந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தீர்மானத்துல நாந்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமப் போட்டேன்" என்றாள். மைக் இருந்ததை மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டாள். சாமியானாவுக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பற்றாளர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் மன்னிக்கத் தயாராக இருந்தது, முகங்களில் அது தெரிந்தது, பாவம் என்கிற அந்த முகங்கள். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பஞ்சவர்ணத்தை நேராகப் பார்த்தாள். "ரெண்டாவது தடவ வந்தீங்கள்ல, வைகாசியில. பிள்ளையக் கூட்டிட்டு. அவருகிட்டச் சொல்றேன்னு சொன்னேன். நான் சொல்லல." வந்தீங்கள்ல என்று தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டாள். எப்போதும் நீ வா போ என்றுதான் பேசியிருக்கிறாள்.

பஞ்சவர்ணம் உடனே எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டாள், அந்தக் கையை எடுத்து விட்டாள். எழுந்தபோது அழுகிறாளா என்று தவமணி பார்த்தாள். அழவில்லை.

"நான் அவருகிட்டச் சொல்ல வரலையே. உங்ககிட்டச் சொல்லத்தான் வந்தேன். நீங்கதான தலைவரு."

தவமணிக்கு அந்த வார்த்தை உள்ளே போய் எங்கும் படாமல் விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்தும் ஒருமுறைகூட இந்தப் பக்கம் போகவில்லையே நினைப்பு. திறந்திருப்பாரா மாட்டாரா என்றுதானே கிடந்து உழன்றாள். ஒரு பூட்டு. ஒரு தாளில் ரெண்டு வரி. தங்கப்பாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மறுநாள் திறந்திருப்பார். அவர் ஒருவேளை பூமிநாதனைக் கேட்டிருப்பார், கேட்டிருக்கட்டும். அவள் சொல்லியே பார்க்கவில்லை.

"பூட்டை இன்னிக்கே தொறக்கச் சொல்றேன்" என்றாள்.

"தொறங்க. மத்தப் பிள்ளைக இருக்கு." பஞ்சவர்ணம் உட்காரப் போனவள் நின்றாள். "மார்கழியில எலெக்சன் வருதாம்ல. நீங்க நிக்கிறீங்களா?"

"தெரியல."

"நின்னா உங்கள எதுத்து நான் நிப்பேன். நீங்க நிக்காட்டியும் நிப்பேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆண் குரல். யாரும் கூடச் சேரவில்லை, அது பாதியில் நின்றுபோனது. கிழக்குத் தெருவிலிருந்து இதுவரை யாரும் தலைவருக்கு நின்றதில்லை. அந்தச் சிரிப்புக்காரர் யார், அவள் நின்றால் என்னவெல்லாம் செய்வார்கள், எந்த வீட்டில் கூடிப் பேசுவார்கள், யார் முதலில் மிரட்டப் போவார்கள் என்பதெல்லாம் தவமணிக்கு ஒரு நொடியில் ஓடியது, அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தவள் அல்லவா. பஞ்சவர்ணத்துக்காகப் பயந்தாள். தனக்காகவும் பயந்தாள். தங்கப்பாண்டி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதா வேண்டாமா என்று கேட்பதற்கு, பழக்கத்தில், முதல் வரிசையைப் பார்த்தார். பூமிநாதன் பார்வையைத் தவமணி மேலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கண்ணில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, இனி அவள்தான் அதற்கும் பொருள் சொல்லியாக வேண்டும், வீட்டுக்குப் போய், கஞ்சி ஊட்டிக்கொண்டே.

"எழுதுங்க" என்றாள்.

அவர் எழுதத் தொடங்கினார். மூன்றாவது வரிசையில் பஞ்சவர்ணம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடியில் இல்லை, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பற்றியிருந்தது. மார்கழியில் அப்படி ஒரு நாள் வந்து, தனியாகப் போய் ஒரு தாளில் முத்திரை குத்த வேண்டியிருந்தால், தன் ஓட்டு யாருக்கு விழும் என்பது தவமணிக்கு அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. தான் நின்றாலும் அவளுக்குத்தான்.